நடுரோட்டில் ஒரு பூவரசங்கதியால்

போன மாதம் பேரனின் காரில் கிளிநொச்சியிலிருந்து வட்டக்கச்சிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஒரு வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். ரோட்டென்றால் அப்படி ஒரு ரோட்டு. மடியில் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு போனாலும் ஒரு சொட்டுச் சிந்தாது. நான் சும்மா இருக்கமாட்டாமல், "இந்த இடத்திலைதான் அப்ப முழங்கால் மட்டுக்கும் சேறு, அந்தா அதிலைதான் நான் விழுந்தனான்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பேரன் "ஓம் அப்பப்பா, ஓம் அப்பப்பா" என்று ஒரே குரலில் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். திடீரென்று பிரேக்கை அழுத்தினான்.

முன்னால் நெல்மூட்டை ஏற்றிய லொறி ஒன்று சில்லுக் காற்றுப் போய் நின்றது. அதற்கு இருபதடி பின்னால், நடுரோட்டில், இலையும் கிளையுமாக ஒரு பெரிய பூவரசங்குழையை முறித்துப் போட்டிருந்தான் சாரதி. "இந்தக் காலத்திலையும் குழையை முறிச்சுப் போடுறாங்கள். ஒரு சிவப்புப் பலகை வாங்கி வைக்க ஏலாதே?" என்று பேரன் சினந்தான். நான் கண்ணாடியை இறக்கினேன். வாடத் தொடங்கிய பூவரசிலையின் மணம் உள்ளே வந்தது. "நிப்பாட்டு" என்றேன்.

இறங்கிப் போய், ரோட்டோரத்தில் நின்ற ஏதோ ஒரு மரத்தில் சின்னக் குழையொன்றை முறித்து, லொறிக்காரனின் குழைக்கு மேல் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை தன்பாட்டில் செய்துவிட்டது. சில்லுக் கழற்றிக்கொண்டிருந்த சாரதி நிமிர்ந்து பார்த்து, "ஐயா, அது பின்னாலை வாற வாகனத்துக்காக வைச்சது" என்று பக்குவமாகச் சொன்னான். "எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியோ? நீ பிறக்க முந்தி நான் வைச்சனான்!" என்று அவனில் பாய்ந்தேன். அவன் என்னைப் பார்க்காமல் என் பேரனைப் பார்த்தான். பேரன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

காரில் ஏறிய பிறகு அவனுக்கு விஷயத்தைச் சொல்லத்தான் தொடங்கினேன். இடையில் அவனுக்குப் போன் வந்துவிட்டது. உங்களுக்குப் போன் வந்தாலும் காகிதம் தன்பாட்டில் கிடக்கும் என்ற நம்பிக்கையில் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தொரு வயது. ரோட்டு ஓவசியர் வேலை கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்தேன். வேலையோடு ஒரு மோட்டார் சைக்கிளும் தந்தார்கள். தந்தார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எனக்கு முந்தி இருந்த மூன்று ஓவசியர்மார் ஓடி முடித்ததை என் தலையில் கட்டினார்கள். ஆனையிறவைத் தாண்டும்போதே அதன் குணம் தெரிந்துவிட்டது. உப்புக்காற்றுக்குள் நடுவழியில் நின்று, என்ன உதைத்தும் உயிர் வரவில்லை. உப்பளத்தில் வேலை செய்த பெண்கள் கைகொட்டிச் சிரிக்க, தோய்த்து மினுக்கிய வெள்ளைக் காற்சட்டையோடு ஒரு மைல் தூரம் தள்ளினேன். அக்கரை சேர்ந்ததும் அது தானாக வெடித்துக்கொண்டு கிளம்பியது. அதற்கு என்னைத் தெரிந்துவிட்டது என்று அன்றைக்கே விளங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

வந்து மூன்றாம் மாதம் வெள்ளம். மார்கழி மழை விடாமல் பெய்து, குளங்கள் வான் பாய்ந்து, சின்னக் குளங்களின் கட்டுகள் உடைந்து, காடும் வயலும் ஒரே தண்ணீராகக் கிடந்தது. வடிந்த பிறகு பார்த்தால், என்னிடம் ஒப்படைத்த ரோட்டு அங்கங்கே மட்டும் இருந்தது. மலைநாட்டில் ஓவசியராக இருந்த என் கூட்டாளி ஒருவன் காகிதம் போட்டிருந்தான், அங்கே மலை சரிந்து ரோட்டில் விழுந்துவிட்டதாம், மோட்டார் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினானாம். நான் பதில் எழுதினேன்: எங்களுக்கு மலை இல்லை, அதனால் ரோட்டே சரிந்து வயலுக்குள் விழுகிறது.

கிறவல் ரோட்டு போன பிறகு மிஞ்சுவது களிமண். வன்னிக் களியை மோட்டார் சைக்கிளில் கடக்காதவனுக்கு எரிச்சல் என்றால் என்னவென்று தெரியாது. சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில் அடைந்துகொண்டு சில்லைச் சுற்றவிடாது. இருபது முழத்துக்கு ஒருமுறை இறங்கித் தடியால் தோண்டவேண்டும். அந்தத் தடியைக் கயிறு போட்டு என் இடுப்பில் கட்டியிருந்தேன். பிறகு கோபத்தில் இரண்டு மட்காட்டையும் கழற்றிக் குவாட்டர்ஸ் மூலையில் எறிந்துவிட்டேன். அன்றிலிருந்து களி முழுக்க என் முகத்திலும் முதுகிலும். சூடான சைலென்சரில் ஒட்டிய களி வெந்து, சூளையில் பானை சுடுகிற மணம் வரும். பிளக் நனைந்தால் கழற்றிச் சட்டையில் துடைத்து, மாற்றுப் பிளக்கை எடுத்துப் பூட்டுவேன். மாற்றுப் பிளக் எப்போதும் மேற்சட்டைப் பையில் இருக்கும். அம்மா அதே பையில் கோயில் திருநீற்றை மடித்து வைத்திருந்தா. இரண்டும் கலந்து என்ன ஆனதென்று கேட்காதீர்கள்.

இந்த அழகில், பின்னால் ஓர் ஆளையும் ஏற்றவேண்டி வந்தது. திரேசம்மா மிசி. காடு வெட்டி வயல் செய்ய வந்த சனத்தின் குடியேற்றங்களுக்கெல்லாம் ஒரே ஒரு மருத்துவமாது. முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி, நாற்பது வயது, நல்ல தேகம். தகப்பன், தமையன்மார் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். அவருடைய சைக்கிள் வெள்ளத்தோடு போய்விட்டது. நான் போகிற வழியில்தான் அவருடைய பிள்ளைத்தாச்சிகளும் இருந்தார்கள். ஒருபக்கமாக இரண்டு காலையும் தொங்கப்போட்டு, கறுப்புப் பையை மடியில் வைத்து, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வருவார்.

"குடையை மடக்குங்கோ மிசி, காத்து இழுக்குது."

"வெயில் சுடுகுது. நீர் ரோட்டைப் பாரும்."

"பாக்கிறதுக்கு ரோட்டெங்கை இருக்கு?"

"சேசு மரி சூசை! கிடங்கு தம்பி, கிடங்கு!"

பின்னாலிருந்து செபமாலையும் எனக்கான ஏச்சும் மாறி மாறி வரும். ஒரு மைலுக்குள் ஐம்பத்துமூன்று மணியும் முடிந்து திரும்பத் தொடங்கிவிடும். நாங்கள் இரண்டுபேரும் சேர்ந்து எத்தனை தரம் விழுந்தோம் என்று கணக்கில்லை. விழுகிறபோதெல்லாம் அவர் முதலில் பையைத்தான் மேலே தூக்கிப் பிடிப்பார்.

ஒருநாள் அப்படி விழுந்து எழும்பிச் சேலையில் சேறு வழித்துக்கொண்டிருந்தபோதுதான் பாக்கியத்தின் கதையைச் சொன்னார். வட்டக்கச்சிக்கும் அப்பால், காட்டை ஒட்டிய குடியேற்றத்தில் நடராசா என்றொருவர். வடமராட்சியிலிருந்து வந்து காணி எடுத்து நெல் விதைக்கிறவர். அவருடைய பெண்சாதி பாக்கியம். முதல் பிள்ளை வீட்டிலேயே இறந்து பிறந்தது. இரண்டாவதை ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோகும்போது, ஐந்து மணித்தியாலம் குலுங்கி, வழியிலேயே முடிந்துபோனது. இப்போது மூன்றாவது.

"பிள்ளை குறுக்கை கிடக்குது தம்பி. திரும்பாட்டி ஆஸ்பத்திரிதான். இந்த முறையும் வண்டியிலை ஏத்தினால் தாயும் தப்பாது. குடியேற்றத்திலை ஒரு டிராக்டர் நிக்குது. தை கடைசிக்குள்ளை அது போற அளவுக்கு அந்தக் கிடங்கை மூடித் தாரும். வேற ஒண்டும் உம்மட்டைக் கேக்கேல்லை."

அந்தக் கிடங்கு ஆறாம் மைலில் இருந்தது. வெள்ளம் ரோட்டைப் பதினொரு இடத்தில் அறுத்திருந்தது. பத்து இடத்தை மண்ணும் மரமும் போட்டு எப்படியோ அடைத்துவிட்டேன். இது மட்டும் அடைபடவில்லை. எட்டடி அகலம், இடுப்பளவு ஆழம், இரண்டு கரையும் சுவர் மாதிரிச் செங்குத்து, அடியில் குளத்துத் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்கும். இரண்டு தென்னங்குற்றியைக் குறுக்கே போட்டிருந்தேன். அதில் ஆள் நடக்கலாம், மோட்டார் சைக்கிளை மெல்ல உருட்டலாம். பாக்கியத்தைக் கட்டிலோடு தூக்கி இக்கரை சேர்க்கவும் நாலு பேர் போதும்தான். அதற்குப் பிறகு ஆறு மைல்? டிராக்டர் அக்கரையில். இக்கரையில் இருந்த ஒரே வாகனம் என்னுடைய சனியன்.

தண்ணீர் வடிந்த முதல் நாளே நான் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லவேண்டும். அக்கரையிலிருந்து வருகிற வண்டிகள் தெரியாமல் கிடங்குக்குள் போய்விடும் என்று பயந்து, நடராசாவின் வேலியோரத்தில் நட்டால் துளிர்க்கிற வேலித்தடிகளாக ஒரு கட்டு வெட்டிக் கிடந்த பூவரசங்கதியால்களில் ஒன்றை உருவி வந்து, கிடங்குக்கு மூன்று முழம் முன்னால் நடுரோட்டில் இறுக்கி நட்டேன். யாழ்ப்பாணத்து ஆட்கள் போன இடமெல்லாம் வேலிக்குக் கதியால் கொண்டுபோவார்கள், தெரியும்தானே. நட்டதன் நுனியில் வேலைத்தலத்துச் சிவப்புக் கொடியைக் கிழித்துக் கட்டினேன். கீழே நாலு குழையையும் முறித்துப் போட்டேன், நன்றாகத் தெரியட்டும் என்று. அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நாலு நாள் கழித்துப் போனேன். கீழே குழை கொஞ்சம் கூடியிருந்தது. சனங்களுக்குப் பொறுப்பு இருக்கிறது, தாங்களும் எச்சரிக்கை வைக்கிறார்கள் என்று சந்தோசப்பட்டேன். அடுத்த கிழமை முழங்காலளவு குவியல். அதற்கு அடுத்த முறை குவியல் ஒதுக்கியிருக்க, கதியாலின் அடியில் ஒரு கருங்கல், கல்லில் சந்தனம், முன்னால் கற்பூரம் எரிந்த கறை. தேங்காய்ச் சில்லுகள் வேறு. களியில் நட்ட பூவரசு சும்மா இருக்குமா? உச்சியில் ஐந்தாறு துளிர்.

வன்னியில் காட்டுப் பாதையில் இறங்குகிறவன், ஆனை கரடி குறுக்கிடாமல் திரும்பி வரவேண்டும் என்று நினைத்து ஒரு குழை முறித்து வழிப் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டுத்தான் இறங்குவான். கோயில் வேண்டாம், சிலை வேண்டாம். ஒரு மரமும் அடியில் நாலு குழையும் கிடந்தால் வருகிறவன் ஏன் என்று கேட்கமாட்டான். தானும் ஒன்றை முறித்துப் போடுவான். இது எனக்கும் தெரியும். நானே போட்டிருக்கிறேன். இருந்தும் அந்த நாலு குழையை என் கையால் போட்டேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

கதியாலுக்கு முன்னால் கும்பிட்டுக்கொண்டு நின்றவர் வேறு யாருமில்லை, நடராசாதான்.

"அண்ணை, இது பிள்ளையாரில்லை. கிடங்கு இருக்கெண்டு காட்ட நான் நட்டது."

"ஓம் ஐயா. நீங்கள்தான் நட்டனீங்கள். உங்கட கையாலை நட வைச்சது ஆர்?"

"அண்ணை, இது உங்கட வேலிக்கு வெட்டின கதியால். உங்கட கட்டிலையிருந்து உருவினனான்."

அவர் கண் கலங்கிவிட்டது. "என்ர கதியாலோ? அப்ப என்னட்டையெண்டே வந்திருக்கிறார்" என்று நெடுஞ்சாணாக விழுந்தார், அந்தச் சேற்றில்.

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? எனக்குத் தெரிந்த பதிலெல்லாம் சொன்னேன். கதியால் நிற்கிற இடத்தை வெட்டித்தான் கொங்கிறீட் குழாய் வைக்கவேண்டும், கரையைச் சரித்துத்தான் டிராக்டர் இறங்கவேண்டும், உன் பெண்சாதிக்காகத்தான் இவ்வளவும் என்று கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பாக்கியத்துக்காகத்தான் நேர்த்தி வைத்திருக்கிறாராம். பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, பொங்கல் பொங்கிப் பீடம் கட்டுகிறவரைக்கும் அதில் மண்வெட்டி படக்கூடாதாம். பிள்ளை பிறக்கத்தான் ரோட்டு வேண்டும், ரோட்டைத் தொடப் பிள்ளை பிறக்கவேண்டும். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மோட்டார் சைக்கிளுக்கு உதைத்தேன். கிளப்புவதற்கு இல்லை, சும்மா உதைத்தேன்.

என்னுடைய வேலையாட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாரும் கும்பிட்டுவிட்டு விலகி நின்றார்கள். "நீங்கள் முதல் வெட்டுப் போடுங்கோ ஐயா, மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்" என்றான் கங்காணி. சரியென்று மண்வெட்டியை வாங்கி ஓங்கினேன். துளிர் காற்றில் ஆடியது. அதைப் பார்த்தேன், பையிலிருந்த திருநீறு ஞாபகம் வந்தது. இடுப்பு நாரி பிடித்துவிட்டது என்று சொல்லி மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாரியில் ஒன்றுமில்லை. உங்களுக்கு இப்போது சொல்கிறேன், அன்றைக்கு ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

குழாய் வேண்டாம், கிடங்கைக் கல்லால் நிரப்பிவிட்டால் கதியாலைத் தொடாமல் பக்கத்தால் போகலாம் என்று ஒரு யோசனை வந்தது. கல்லுக்கு மேலிடத்துக்கு எழுதினேன். ரோட்டைத் திறந்தால்தான் கல் லொறி வரமுடியும் என்று பதில் வந்தது. கல் வந்தால்தான் ரோட்டைத் திறக்கலாம் என்று எழுதினேன். தங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது.

இதற்கிடையில் குடியேற்றத்துச் சனம் என்ன செய்தது தெரியுமா? காட்டுக்குள் பாழடைந்து கிடந்த பழங்குளக் கட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு வண்டியாகக் கல் ஏற்றிவந்து கிடங்குக்குப் பக்கத்தில் குவித்தது. பிள்ளையாருக்குப் பீடம் கட்ட! நான் அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். "இதிலை பாதியைத் தாங்கோ" என்று கேட்டதற்கு, கோயிற் கல்லை மிதிக்கிற இடத்தில் போடுவதா என்று காதைப் பொத்திக்கொண்டார்கள்.

கடைசியில் திரேசம்மா மிசியைக் கொண்டுபோய் விட்டேன். அவரும் கதியாலுக்கு முன்னால் நின்று நடராசாவை நன்றாகக் கிழித்தார். "பிள்ளையாரே வந்து பெறுவிக்கப் போறார்? சொல்லுறதைக் கேளும் நடராசா!" என்றார். நடராசா தலையைக் குனிந்துகொண்டு, சண்டை பிடிக்காத குரலில் சொன்னார்:

"ரெண்டு தரம் நீங்கள் சொன்னதைக் கேட்டனான்தானே மிசி."

மிசி பையைத் தூக்கிக்கொண்டார். வந்து பின்னால் ஏறிக்கொண்டார். அன்றைக்கு வெயில் கொளுத்தியும் குடை விரியவில்லை. செபமும் இல்லை, எனக்கு ஏச்சும் இல்லை. ஆறு மைலும் அப்படியே வந்தோம். இரண்டாம் பிள்ளையை வண்டியில் ஏற்றச் சொன்னவர் அவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் ஓடி வெளித்தது.

தை நடுவிலேயே, மிசி சொன்ன கணக்குக்கு இரண்டு கிழமை முந்தி, பிள்ளைப்பேற்றுக் குத்து வந்துவிட்டது. காலையில் ஒருவர் சைக்கிளைச் சேற்றில் விட்டுவிட்டு ஓடிவந்து சொன்னார். நான் மிசியை ஏற்றிக்கொண்டு பறந்தேன். பறந்தேன் என்பதும் மரியாதைக்குத்தான். மூன்றாம் மைலில் பிளக் நனைந்தது, ஐந்தாம் மைலில் விழுந்தோம். மிசி எழும்பிப் பையைப் பார்த்துவிட்டு, "எனக்கொண்டுமில்லை, உதை தம்பி, உதை!" என்றார். அதுவரை என்னை நீர் என்றுதான் கூப்பிட்டவர்.

ஆறாம் மைலில் குற்றியால் நடந்து அக்கரை போனார். நான் கிடங்கடியில் நின்றேன். ஒரு மணித்தியாலம் இருக்கும். டிராக்டர் சத்தம் கேட்டது. பின்னால் பூட்டிய பெட்டியில் வைக்கோல் பரப்பி அதில் பாக்கியம் கிடந்தாள். பக்கத்தில் மிசி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குடையை அவளுக்கு மேல் பிடித்திருந்தார். பின்னால் குடியேற்றமே வந்தது. டிராக்டர் கதியாலுக்கு முன்னால் வந்து நின்றது.

"திரும்பேல்லை" என்றார் மிசி. யாரையும் ஏசவில்லை. அவ்வளவுதான் சொன்னார்.

பாக்கியத்தின் முனகல் மட்டும் கேட்டது. நடராசா கிடங்கைப் பார்த்தார், கற்குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஓவசியர் ஐயா, இந்தக் கல்லைப் போட்டால் டிராக்டரைத் தாங்குமோ?"

"தாங்கும்" என்றேன். தாங்குமா என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒரு பயத்தோடு வாழ்க்கையில் வேறெந்தச் சொல்லையும் நான் சொன்னதில்லை.

அவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கதியாலைப் பிடித்து இழுத்தார். வரவில்லை, வேர் விட்டிருந்தது. முழங்காலில் இருந்து இரண்டு கையாலும் களியைத் தோண்டினார். வேர் அறாமல் மண்ணோடு எடுத்தார். எடுத்து, சால்வையை அவிழ்த்து அதைச் சுற்றிப் பெட்டிக்குள் பாக்கியத்தின் கால்மாட்டில் வைத்தார். பிறகு குவியலுக்குப் போய் முதல் கல்லைத் தூக்கிக் கிடங்குக்குள் போட்டார். சந்தனம் பூசிய அந்தக் கருங்கல்தான் முதல் கல்.

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆணும் பெண்ணுமாகக் கல் கைமாறியது. எங்களுக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்த என்னுடைய கங்காணி மண்வெட்டியோடு கரையைச் சரித்தான். நான் கிடங்குக்குள் இறங்கி, பெரிய கல் அடியில், சின்னக் கல் மேலே என்று கத்திக்கொண்டு நின்றேன். தண்ணீர் கல்லிடுக்கால் ஓடத் தொடங்கியது. மூன்று கிழமையாக நான் கெஞ்சிய வேலை, இரண்டு மணித்தியாலம் ஆகவில்லை, முடிந்துவிட்டது. டிராக்டர் இறங்கியது, ஒருமுறை சரிந்தது, ஏறியது. நான் மோட்டார் சைக்கிளில் முன்னால் ஓடி, அடைத்த ஒவ்வொரு வெட்டிலும் நின்று, எந்தப் பக்கத்தால் வரவேண்டும் என்று கைகாட்டினேன். அந்தச் சனியன் அன்றைக்கு ஒருமுறைகூட நிற்கவில்லை. அதற்காக அதைப் பாதி மன்னித்தேன்.

பின்னேரம் மூன்று மணிக்குக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. இரண்டு உயிரும் தப்பியது. நடராசா விறாந்தையில் கதியாலை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். மிசி வெளியே வந்து, என் சட்டையின் சேறு காயாத ஓரத்தைப் பிடித்துத் தன் முகத்தைத் துடைத்துவிட்டு, "என்ன பாக்கிறீர்? போய்த் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாரும்" என்றார்.

முடிந்ததா? முடியவில்லை. ரோட்டோரத்தில் கதியாலைத் திரும்ப நட்டபோது குடியேற்றமே ஒரே கதை கதைத்தது: பிள்ளை வரமுந்தியே கல்லெல்லாம் சேர்த்து வைத்தது யார்? பிள்ளையார்தானே! திரேசம்மா மிசி தனியாக என்னிடம், தான் அந்தோனியாருக்கு நேர்ந்ததாகவும் அதை ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் என்றும் சொன்னார். ஓவசியர் என்றொருவன் சேற்றுக்குள் நின்று கத்தினான் என்று ஒரு மனிதர் சொல்லவில்லை. மேலிடத்திலிருந்து மட்டும் காகிதம் வந்தது, அனுமதியில்லாமல் கல் போட்டது ஏன் என்று.

பிள்ளைக்குக் கற்பகம் என்று பெயர் வைத்தார்கள். போன மாதம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது அந்தக் கற்பகம்தான். தலை நரைத்து, பேரப்பிள்ளைகள் கண்ட மனுஷி. சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்து தகப்பனின் காணியில் சின்னதாக வீடு கட்டியிருக்கிறாள். நடராசா, பாக்கியம், திரேசம்மா மிசி எல்லாரும் எப்போதோ போய்விட்டார்கள். ரசத்தை ஊற்றிக்கொண்டே, "வரேக்கை பாத்தனீங்களோ, எங்கட பூவரசை?" என்று கேட்டாள்.

பார்க்கவில்லை. தேடினேன். ஆறாம் மைல் எது என்றே எனக்குப் பிடிபடவில்லை. ரோட்டு நேராக ஓடியது.

"அது இப்ப இல்லை மாமா" என்றாள். "நாங்கள் கடைசியா இடம்பெயர்ந்து போன அண்டைக்கு நிண்டது. பெரிய மரம். டிராக்டர், சைக்கிள், நடை எண்டு அவ்வளவு சனம். எல்லாரும் அதிலை நிண்டு, திரும்பி வரவேணும் எண்டு குழை போட்டவை. பக்கத்திலை முறிக்க வேற மரமில்லை, வயல்தானே. அதிலையே முறிச்சு அதுக்கே போட்டம். நான் போகேக்கை எட்டின உயரத்துக்கு ஒரு இலை இல்லை. பின்னாலை வந்தவை ஏறி முறிச்சிருக்கினம். திரும்பி வந்து பாத்தால் மரமும் இல்லை, போட்ட கன பேரும் இல்லை."

சொல்லிவிட்டு அப்பளம் வைத்தாள். அதை நொறுக்கிச் சோற்றில் போட்டேன். அவளுக்காக மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

திரும்பி வரும்போது லொறி போய்விட்டது. குழையை எடுத்துப் போடாமல் போயிருந்தான் மடையன். சில்லுகள் ஏறி அது ரோட்டோடு ஒட்டிக் கிடந்தது, மேலே நான் போட்ட சின்னக் குழையும். பேரனை நிற்பாட்டச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். காலையிலிருந்து எத்தனை வாகனம் போயிருக்கும்? ஒரு மனிதர், ஒரே ஒரு மனிதர், இன்னொரு குழை முறித்துப் போட்டிருக்கவில்லை. போடாதீர்கள், போடாதீர்கள் என்று ஒரு காலத்தில் தொண்டை கிழியக் கத்தினவன் நான்.

"அப்பப்பா, மோட்டார் சைக்கிள்காரர் ஆரும் சறுக்கி விழுவினம்" என்று சொல்லிப் பேரன் இறங்கிவந்து குழையைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினான். அவன் சொன்னது சரி. சண்டை பிடிக்க ஒருத்தரும் இல்லாமல் நான் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.